கிகாவாட்டை அறிவிக்கும் முன்: சூரிய மின்வளத்தை மதிப்பிடும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். வெயில் வளமுள்ள நாடுகளில் சூரிய மின்சாரத்துக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கணக்கிட்டு அரசுக்கு அறிக்கை தரும் பொறுப்பு உங்களுடையது. அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் 'இத்தனை கிகாவாட்' என்று ஓர் எண் வரும். பிறகு பல ஆண்டுகளுக்கு எல்லோரும் அதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். அதை நம்பித்தான் மின்தடங்கள் திட்டமிடப்படுகின்றன, கடன் வாங்கப்படுகிறது, நிலம் ஒதுக்கப்படுகிறது. கதிர்வீச்சை அளப்பதும் மின் உற்பத்தியைக் கணிப்பதும் எங்கள் வேலை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்த எண் வந்த வழியையும் எண்ணோடு சேர்த்தே வெளியிடுங்கள். எந்தக் கருவி அளந்த தரவு, எவ்வளவு இழப்பு கழிக்கப்பட்டது, எந்த நிலம் விலக்கப்பட்டது என்ற விவரங்கள் இல்லாத கிகாவாட் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு துணைமின் நிலையத்தைக்கூடத் திட்டமிட முடியாது.

பரப்பை வெயிலால் பெருக்கும் கணக்கிலிருந்தே தொடங்குகிறோம். ஒரு சதுர மீட்டர் கிடைமட்ட நிலத்தில் ஆண்டுக்கு 2,000 கிலோவாட் மணி ஒளி விழுகிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர கிலோமீட்டரில் விழுவது 200 கோடி யூனிட் (ஒரு கிலோவாட் மணியே ஒரு யூனிட்). அதே நிலத்தில் உண்மையில் என்ன கிடைக்கும்? வரிசைகளுக்கு இடையே நிழல் விழாத இடைவெளி, வண்டிப் பாதை, பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர்களின் அறைகள் எல்லாம் போக ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 2 ஹெக்டேர் தேவை. சதுர கிலோமீட்டருக்கு 50 மெகாவாட். கீழே நாங்கள் சொல்லும் இழப்புகளைக் கழித்தால் ஆண்டுக்குச் சுமார் 8 கோடி யூனிட். விழுந்த ஒளியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் கம்பிக்கு வருகிறது. முதல் எண்ணை எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடும் அறிக்கைகள் நாட்டுக்குத் தீங்கே செய்கின்றன.

வெயில் இருப்பதே பெரிய சாதகம் என்ற எண்ணத்தையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உலக வங்கி 2020இல் நாடுவாரியாக வெளியிட்ட மதிப்பீட்டில், ஒரு கிலோவாட் பேனல் தரும் சராசரி உற்பத்தியில் முதலிடம் நமீபியாவுக்கு, கடைசி இடம் அயர்லாந்துக்கு. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு மடங்கைச் சற்றுத்தான் தாண்டுகிறது. வெயில் நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் குறைவு. ஆகவே உங்கள் அறிக்கையில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கப்போவது வெயிலை விட நிலம், சூடு, தூசு, மின்தொகுப்பு ஆகியவைதான். அறிக்கையின் உழைப்பும் பக்கங்களும் அங்கே போக வேண்டும்.

முதலில் தரவு. பழைய வானிலை நிலையங்களில் கண்ணாடி உருண்டை வெயில்மானி இருக்கும். உருண்டை குவிக்கும் ஒளி ஓர் அட்டையைக் கருக்கிக்கொண்டே போகும். கருகிய கோட்டின் நீளமே அன்றைய வெயில் நேரம். நீண்ட காலப் பதிவு என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது அளப்பது நேரத்தை, ஆற்றலை அல்ல. நேர்க்கதிர், அதாவது சூரியனிலிருந்து நேராக வரும் ஒளி, சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால் 'வெயில்' என்பது உலக வானிலை அமைப்பின் வரையறை. 130 வாட் வந்தாலும் 900 வாட் வந்தாலும் கணக்கில் அது ஒரே வெயில்தான். ஈரமான காலையில் அட்டை நனைந்திருந்தால் வெயில் அடித்தும் கருகாது. இந்த நேரத்தை ஆற்றலாக மாற்ற ஆங்ஸ்ட்ரோம்–பிரெஸ்காட் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதில் வரும் இரு மாறிலிகளுக்கு 0.25, 0.50 என்று எடுப்பது, உள்ளூர் அளவீடு இல்லாத இடத்துக்கான பொதுப் பரிந்துரை. ஈரப்பதமான கடற்கரைக்கும் வறண்ட மேட்டுநிலத்துக்கும் அதே இரண்டு எண்களைப் போட்டால் இரண்டில் ஒன்றாவது தவறாகத்தான் வரும். வெயில் நேரத்திலிருந்து வந்த கதிர்வீச்சு என்றால் அதை அட்டவணையில் தனியாகக் குறித்துக் காட்டுங்கள்.

அடுத்தது செயற்கைக்கோள் தரவு. உலக வங்கியின் உலகளாவிய சூரிய வரைபடமும் ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் கருவியும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதற்கட்டத் தேர்வுக்கு அவை போதும். நாசாவின் பவர் தரவுத்தளத்தில் கதிர்வீச்சின் கட்டம் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி. பூமத்திய ரேகையருகே ஒரு பக்கம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கடற்கரை, சமவெளி, மலைச்சரிவு மூன்றும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். எந்தத் தரவுத்தளமானாலும் செயற்கைக்கோளில் பொதுவான பலவீனங்கள் சில உண்டு. வெளிர் மணலையும் உப்புப் பரப்பையும் மேகம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. காற்றில் மிதக்கும் தூசும் புகையும் எவ்வளவு என்பது பெரும்பாலும் வேறொரு கணினி மாதிரியிலிருந்து வாங்கிப் போடப்படுவதுதான். அதனால் மொத்தக் கதிரில் (நேராக வருவதும் வானில் சிதறி வருவதும் சேர்ந்தது) 5 விழுக்காட்டை ஒட்டிய பிழை இருக்கும் இடத்தில் நேர்க்கதிரில் அதைப்போல இரு மடங்கு பிழை வருவது வழக்கம்.

இதைச் சரிசெய்ய ஒரே வழி தரையில் அளப்பதுதான். நாட்டின் ஒவ்வொரு தட்பவெப்ப மண்டலத்துக்கும் குறைந்தது ஒரு நல்ல நிலையம், குறைந்தது முழுதாக ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டுத் தரவை வைத்து அதே இடத்தின் 15, 20 ஆண்டுச் செயற்கைக்கோள் தரவு ஒரே பக்கமாகக் கூட்டியோ குறைத்தோ காட்டும் பிழையைத் திருத்தலாம். ஐஎஸ்ஓ 9060:2018 தரத்தில் ஏ வகுப்புப் பைரனோமீட்டர் (வானம் முழுவதிலிருந்தும் வரும் ஒளியை அளக்கும் கருவி) ஒன்று மொத்தக் கதிருக்கு. சூரியனைப் பின்தொடரும் தாங்கியில், சூரியனை மட்டும் மறைக்கும் நிழற்பந்தின் கீழ் இரண்டாவது பைரனோமீட்டர், வானில் சிதறி வரும் பரவுகதிருக்கு. அதே தாங்கியில், சூரியனை மட்டும் நோக்கும் பைரெலியோமீட்டர் நேர்க்கதிருக்கு. கூடவே காற்றின் வெப்பம், வேகம், ஈரப்பதம், மழை. பதிவு ஒரு நிமிடச் சராசரியாக இருக்கட்டும். கருவி வாங்கும் பணத்தைப் போலவே, அதைத் துடைக்க ஆள் வைக்கும் பணத்தையும் திட்டத்தில் எழுதுங்கள். பொழுது விடியும் முன் மென்துணியும் காய்ச்சி வடித்த நீரும் கொண்டு கருவியின் கண்ணாடிக் குமிழைத் துடைப்பது, நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது, ஈரமுறிஞ்சி நிறம் மாறியிருந்தால் மாற்றுவது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் செய்வது: இவை தவறினால் விலையுயர்ந்த கருவியும் குறைத்தே காட்டும். அந்தக் குறை மெல்ல மெல்ல வருவதால் யார் கண்ணிலும் படாது.

மூன்று கருவிகள் வைப்பதன் பெரும் பயன் அவை ஒன்றையொன்று காட்டிக்கொடுப்பது. மொத்தக் கதிர் என்பது பரவுகதிரோடு, நேர்க்கதிரைச் சூரியனின் உச்சிக்கோணத்தின் (தலைக்கு நேர்மேலிருந்து சூரியன் விலகியிருக்கும் கோணம்) கொசைனால் பெருக்கி வருவதைக் கூட்டிய தொகை. தெளிந்த நாளில் இரு பக்கமும் சில விழுக்காட்டுக்குள் ஒத்துவராவிட்டால் ஒன்று பைரெலியோமீட்டர் கண்ணாடி அழுக்கு, அல்லது பின்தொடரும் தாங்கி விலகியிருக்கிறது, அல்லது நிழற்பந்து தன் இடத்தில் இல்லை. இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். மேகமற்ற ஒரு நாளின் வரைபடத்தை எடுங்கள். சூரியன் உச்சம் தொடும் நேரத்துக்கு இருபுறமும் அது ஒத்திருக்க வேண்டும். காலைப் பக்கம் தூக்கி, மாலைப் பக்கம் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் ஒவ்வொரு பதிவிலும் இடப்படும் நேரக்குறி. உள்ளூர் நேரமா உலகப் பொதுநேரமா, இடைவெளியின் தொடக்கமா முடிவா என்று எழுதாமல் விட்ட கோப்புகளை இணைக்கும்போது அரை மணி நேரம் நழுவிவிடும். ஆண்டுக் கூட்டுத்தொகையில் இது தெரியாது. மாலைநேர மின்தேவையோடு பொருத்திப் பார்க்கும்போது கணக்கே புரண்டுவிடும்.

இனிச் சூடு. பேனலின் பெயர்ப்பலகையில் உள்ள வாட், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில் பேனலுக்குள் உள்ள ஒளிமின் செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. வெயில் நாட்டு நண்பகலில் செல் அந்த நிலையில் இருப்பதே இல்லை. கணக்கு எளிது: பேனலின் தரவுத்தாளில் இயல்பு இயக்க வெப்பநிலை என்று ஓர் எண் இருக்கும், பொதுவாக 45 டிகிரி. அது 800 வாட் ஒளியிலும் 20 டிகிரி காற்றிலும் அளந்தது. 45இல் 20 போனால் 25. அதை 800ஆல் வகுத்து, அப்போதைய ஒளியால் பெருக்கி, காற்றின் வெப்பத்தோடு கூட்டுங்கள். காற்று 38 டிகிரி, ஒளி 1,000 வாட் என்றால் செல் 69 டிகிரியைத் தொடும். 25ஐ விட 44 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 0.35 விழுக்காடு வீதம் குறையும் பேனலில் அந்த வேளையில் 15 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். 0.29 என்று குறிப்பிடப்பட்ட புதிய வகைகளில் 13ஐ ஒட்டி. இது உச்ச வேளைக் கணக்கு. காலை மாலை ஒளியையும் சேர்த்து ஆண்டு முழுதும் பார்த்தால் வெப்ப நாடுகளில் 10 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். கூரையோடு ஒட்டி, அடியில் காற்றோட்டம் இல்லாமல் பதித்தவை இன்னும் சூடாகும். இன்வெர்ட்டரும் குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் தன்னைக் காத்துக்கொள்ள உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். மிகச் சூடான இடங்களுக்கென்று ஐஇசி டிஎஸ் 63126 என்ற தனி வழிகாட்டியே வந்துவிட்டது. உங்கள் அறிக்கை எந்தெந்தப் பகுதிக்கு அது பொருந்தும் என்று சொன்னால் வாங்குபவர்களுக்குப் பேருதவி.

தூசைப் பற்றி வெயில் நாட்டு அறிக்கைகள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. எங்கள் பார்வையில் அது தனி அத்தியாயம். வறண்ட பருவத்தில் நாளொன்றுக்கு 0.5 விழுக்காடு வீதம் படிகிறது, 20 நாளுக்கு ஒருமுறை கழுவுகிறார்கள் என்று வையுங்கள். கடைசி நாளில் இழப்பு 10, சராசரி 5. கழுவும் இடைவெளியைப் பாதியாக்கினால் சராசரி 2.5. ஆனால் தூசு தூசாகவே இருப்பதில்லை. இரவில் பனி இறங்கி, சுண்ணாம்பும் ஜிப்சமும் கலந்த துகள்களை நனைத்து, காலை வெயிலில் காய்ந்து, கண்ணாடிமேல் ஒட்டிய மேலோடாகிவிடும். நாலு சொட்டுத் தூறல் விழுந்தால் சுத்தமாகாது. சேறு வழிந்து பேனலின் கீழ்விளிம்பில் தேங்கும். அந்த விரலளவு அழுக்குப்பட்டைக்கு அதன் பரப்பை மீறிய விளைவு உண்டு. செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் மறைந்த செல்லே மொத்த மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும். பழைய முழுச்செல் பேனலை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தால் கீழ்வரிசை மூன்று பைபாஸ் டையோடு பிரிவுகளுக்கும் (மறைந்த பிரிவைத் தவிர்த்து மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் உறுப்பே பைபாஸ் டையோடு) பொதுவானது. பேனல் முழுதும் சரியும். படுக்கைவாட்டில் வைத்திருந்தால் மூன்றில் ஒரு பிரிவோடு போகும். செல்களை இரண்டாக வெட்டி மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்து இணைத்த அரைச்செல் பேனலில் பாதியாவது தப்பும். பேனலை எப்படி வைப்பது என்ற இந்தச் சிறு முடிவுகூட நாடளாவிய மதிப்பீட்டின் இழப்பு விகிதத்தை மாற்றுகிறது.

கழுவும் நீரையும் கணக்கில் சேருங்கள். ஒரு மெகாவாட்டின் கண்ணாடிப் பரப்பு சுமார் 4,700 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒன்றரை லிட்டர் என்றாலே ஒரு முறைக்கு 7,000 லிட்டர். ஆண்டுக்கு 18 முறை. 1,000 மெகாவாட் பூங்காவுக்கு 12.6 கோடி லிட்டர். மிக நல்ல வெயில் இருக்கும் இடமே பெரும்பாலும் நீர் இல்லாத இடம். நிலத்தடி நீர் உப்பாக இருந்தால் கண்ணாடியில் படலம் கட்டும். உலர்தூரிகை எந்திரம் என்றால் நீர் மிச்சம், ஆனால் ஒளி எதிரொளிப்பைத் தடுக்கும் மேற்பூச்சு நாளடைவில் தேயும். அளப்பதற்கு எளிய வழி இருக்கிறது: ஒரே மாதிரியான இரண்டு சிறு செல்களை அருகருகே வைத்து, ஒன்றை நாள்தோறும் துடைத்து, மற்றதை அப்படியே விட்டு, இரண்டின் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை ஒப்பிடுவது. அளவீட்டு நிலையங்கள் எல்லாவற்றிலும் இந்த இணையை வைக்க உத்தரவிடுங்கள். செலவு மிகக் குறைவு.

இழப்புகளைக் கூட்டிக் கழிக்காதீர்கள், பெருக்குங்கள். வெப்பம் 0.90, தூசு 0.95, சாய்கோண எதிரொளிப்பு 0.97, பேனல்களிடையே பொருந்தாமையும் நேர்மின் கம்பியும் 0.98, இன்வெர்ட்டர் 0.975, மின்மாற்றியும் மாறுமின் கம்பியும் 0.985, பழுதுநேரம் 0.99. பெருக்கினால் 0.77. இதுதான் செயல்திறன் விகிதம். சாய்த்து வைத்த பேனல் தளத்தில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 2,100 கிலோவாட் மணி விழுந்தால் ஒரு கிலோவாட்டுக்கு 1,617 யூனிட். பயன்பாட்டு விகிதம், அதாவது ஆண்டு முழுதும் முழுத்திறனில் ஓடினால் கிடைப்பதில் இதன் பங்கு, 18.5 விழுக்காடு. குளிர்ந்த, மழையடிக்கும் நாட்டுக்கு எழுதிய மாதிரியிலிருந்து வெப்பத்துக்கு 0.97, தூசுக்கு 0.98 என்று அப்படியே எடுத்துவந்தால் விகிதம் 0.86 ஆகும், 1,806 யூனிட் காட்டும். 100 மெகாவாட் நிலையம் ஒன்றில் ஆண்டுக்கு 1.89 கோடி யூனிட் வெறும் காகிதத்தில் உற்பத்தியாகும். இதுபோக, பேனல்கள் ஆண்டுக்கு அரை விழுக்காடு வீதம் தளர்வதை 25 ஆண்டுக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும்.

கண்ணாடிகளால் ஒளியைக் குவித்து வெப்பமாக்கி மின்சாரம் எடுக்கும் நிலையங்களைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அவற்றுக்கு நேர்க்கதிர் மட்டுமே பயன்படும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 கிலோவாட் மணி நேர்க்கதிர் இல்லாத இடத்தை அதற்காகப் பரிந்துரைப்பது சரியல்ல. மூட்டம் மிகுந்த வெப்பமண்டல நாட்டில் மொத்தக் கதிர் நன்றாக இருந்தும் நேர்க்கதிர் நலிந்திருக்கும். 1991இல் பினட்டூபோ எரிமலை வெடித்த பிறகு பல மாதங்கள் நேர்க்கதிர் வெகுவாகக் குறைந்தது. பரவுகதிர் கூடியதால் மொத்தக் கதிர் அந்த அளவு குறையவில்லை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் 'சூரிய வளம்' என்று வண்ணமிட்டுக் காட்டுவதை நிறுத்துங்கள்.

ஒற்றை எண்ணைச் சொல்லும்போது அதன் நிச்சயமின்மையையும் சொல்லுங்கள். தரவில் 5 விழுக்காடு, ஆண்டுக்கு ஆண்டு மாறுபாடு 3, இழப்பு மாதிரியில் 4 என்றால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 7. பத்தில் ஐந்து ஆண்டுகளில் எட்டக்கூடிய பி50 அளவு 1,617 என்றால், பத்தில் ஒன்பது ஆண்டுகளில் எட்டக்கூடிய பி90 அளவு அதைவிட 9 விழுக்காடு குறைவு, சுமார் 1,470. கடன் கொடுப்பவர்கள் பார்ப்பது இரண்டாவதை. நல்ல தரை அளவீடு அந்த 5ஐ 3 ஆக்கும். ஓர் அளவீட்டு நிலையம் தன் செலவை மீட்பது இப்படித்தான்.

நிலத்துக்கு வருவோம். இந்தியாவில் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2014இல் 748 கிகாவாட் என்று மதிப்பிட்டது; தரிசு நிலத்தில் 3 விழுக்காட்டில் பேனல் அமைப்பது என்பது அதன் அனுமானம். அந்த 3 வெளிப்படையாக இருப்பதால்தான் அதை 1 ஆக்கினால் எவ்வளவு, 5 ஆக்கினால் எவ்வளவு என்று யாரும் போட்டுப் பார்க்க முடிகிறது. உங்கள் அறிக்கையும் அப்படித் திறந்திருக்க வேண்டும். சரிவு, காடு, பயிர்நிலம், நீர்நிலை, வெள்ளம் ஏறும் தாழ்நிலம், நகரும் மணல், பறவை வழித்தடம், துணைமின் நிலையத்திலிருந்து தொலைவு என்று ஒவ்வொரு விலக்கையும் வரிசையாகக் கழித்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் எஞ்சியதைக் காட்டுங்கள். 'தரிசு' என்று பதிவேட்டில் எழுதியிருப்பதால் அங்கே யாரும் இல்லை என்று பொருளல்ல. மேய்ச்சலும் விறகும் மழைநீர் ஓடும் வழியும் அந்த நிலத்தில்தான் இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் வறண்ட மாதத்தில் வெறுமையாகத் தெரியும் நிலத்தை மழைக்குப் பின்னும் ஒருமுறை பாருங்கள். நேரில் போய்க் கேளுங்கள்.

கூரைகளிலும் இதே கண்டிப்பு வேண்டும். கட்டடப் பரப்பு முழுவதையும் கூரை வளமாக எழுதுகிறார்கள். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, கைப்பிடிச் சுவர் நிழல், பாரம் தாங்காத தகடு எல்லாம் போக எஞ்சுவதே வளம். அந்தத் தெரு மின்மாற்றி எத்தனை கிலோவாட் எதிர்த்திசை ஓட்டத்தைத் தாங்கும் என்பது அதைவிடக் கறாரான வரம்பு. நண்பகலில் வீடுகளில் பயன்பாடு குறைந்து உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போது மின்னழுத்தம் ஏறி, இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாகத் தாமே நின்றுவிடும்.

ஆண்டுக் கூட்டுத்தொகையோடு அறிக்கையை முடித்துவிடவும் கூடாது. மின்சாரம் நொடிக்கு நொடி செலவாவது. ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும், குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு, மண்டலவாரியாக உற்பத்தித் தொடரைத் தயாரித்து நாட்டின் மின்தேவைத் தொடரோடு மணிக்கு மணி பொருத்துங்கள். அப்போதுதான் மூன்று செய்திகள் கிடைக்கும்: நண்பகலில் எத்தனை மெகாவாட்டுக்கு மேல் வாங்க ஆளில்லாமல் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், சூரியன் சாயும் இரண்டு மூன்று மணி நேரத்தில் மற்ற நிலையங்கள் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும், மழைப்பருவத்தில் தொடர்ந்து எத்தனை நாள் மேகம் மூடும். மின்கலன் எவ்வளவு வேண்டும் என்பதை முதலிரண்டிலிருந்து சொல்லலாம். மூன்றாவதை மின்கலனால் மட்டும் சமாளிக்க முடியாது. நீர்மின், காற்றாலை, அண்டை வட்டாரங்களோடு இணைப்பு எல்லாம் அங்கே பேச வேண்டியவை. இந்தப் பொருத்தத்தைச் செய்த பின் வரும் கிகாவாட், முதல் பக்கத்து எண்ணை விடச் சிறியதாகவே இருக்கும். அதைத் தயங்காமல் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

அறிக்கையோடு நிமிடத் தரவு, துடைத்த நாள் குறிப்பு, அளவுத்திருத்தச் சான்று, விலக்கு வரைபடம், இழப்பு அட்டவணை ஐந்தையும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடக் கோருகிறோம். வரைவு ஏற்கெனவே தயாராக இருந்தால் முதலில் இழப்பு அட்டவணையைப் பாருங்கள். வெப்பமும் தூசும் 'இதர இழப்பு' என்ற ஒரே வரியில் இருந்தால் அந்த அத்தியாயத்தை மீண்டும் எழுத வேண்டும். அதற்கான தரவுச் சரிபார்ப்பில் உடனிருந்து உதவ நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கதிர்வீச்சு அளவீட்டிலும் உற்பத்திக் கணிப்பிலும் பணிபுரிவோர்